ரிவால்வர் சம்பந்திக்கு, பிஸ்டல் சம்பந்தி எழுதுவது

சம்பந்தி,

நேற்றுக் காலை என் வீட்டுக்காரி தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டாள். நான் கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே, தலையைத் தூக்காமல், "வாங்க சம்பந்தி, உக்காருங்க" என்று சொல்லிவிட்டேன். அவள் மெஷினை விட்டு எழுந்து வந்து என்னை ஒருமாதிரி பார்த்தாள். பிறகு அவளுக்கும் புரிந்துவிட்டது. போய் எண்ணெய் டப்பாவை மூடி வைத்தாள்.

மற்ற மனிதர்கள் ஜவ்வாது மணப்பார்கள், பீடி மணப்பார்கள். நீங்கள் தையல் மெஷின் எண்ணெய் மணந்தீர்கள். உங்கள் சட்டை, துண்டு, நீங்கள் கொண்டுவந்து இறக்கும் மாம்பழக் கூடை எல்லாவற்றிலும் அந்த வாசனை இருக்கும். எல்லாம் உங்கள் நைனா விட்டுப்போன அந்தச் சீமை ரிவால்வருக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துச் செய்த சேவையால் வந்தது.

நம் சம்பந்தம் கல்யாணத் தரகரால் வந்ததில்லை, எலெக்ஷனால் வந்தது. தேர்தல் அறிவித்துவிட்டால் லைசன்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை ஸ்டேஷனிலோ துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, முடிவு வந்த பிறகுதான் திருப்பி வாங்கவேண்டும். நகரியில் தறி ஓட்டிக்கொண்டிருந்த நானும் நாகலாபுரத்துப் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்த நீங்களும் திருப்பதியில் அந்த ஒரே கடைக்குத்தான் போவோம். கடை வாசலில் ஒரு நீள பெஞ்சு. ஒப்படைக்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கையில் துப்பாக்கி இல்லாமல் போகப்போகும் சோகத்தில், அவரவர் துப்பாக்கியின் பெருமையைப் பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.

அன்றைக்குச் சித்தூர் நகைக்கடைக்காரர் ஒருவர் தன் குட்டிப் பிஸ்டலை எடுத்துக் காட்டினார். பாயின்ட் ட்வென்டி ஃபைவ். நீங்கள் அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "கொசுவுக்கு ஆவும்" என்று திருப்பிக் கொடுத்தீர்கள். சாந்திபுரத்திலிருந்து வந்த கல்குவாரிக்காரர் வெளிநாட்டுப் பிஸ்டல் வைத்திருந்தார். பளபளவென்று இருந்தது. ஆனால் அதற்குத் தோட்டா எங்கேயும் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் யானை விலை. "பெட்ரோல் இல்லாத ஊர்ல காரு வாங்கி நிறுத்தியிருக்கீங்க" என்றீர்கள். அவர் முகம் சுருங்கிப்போனது.

பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். நம் இரண்டு பேருடையதும் பாயின்ட் தர்ட்டி டூ. அந்த ஒற்றுமையில் நான் பெருமையாகச் சிரித்தேன்.

"நம்முது ரெண்டும் ஒரே சைஸுங்க."

"சைஸுதான் ஒண்ணு. என் தோட்டா உங்க பிஸ்டல்ல நுழையாது, உங்களுது என் ரிவால்வர்ல நிக்காது. இன்னா தொழில் உங்களுக்கு?"

"பவர்லூம். நகரி."

"அதான பாத்தேன். தறிக்காரரே, உங்க பிஸ்டலும் தறி மாதிரிதான். ஓடிக்கினு இருக்கும்போது நல்லாத்தான் இருக்கும். ஒரு இழை சிக்குச்சுன்னா எல்லாம் நின்னுடும். ரிவால்வர் அப்படி இல்ல. ஒரு தோட்டா வெடிக்கலன்னா மறுபடியும் விசைய இழு, அடுத்தது வந்து நிக்கும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுது ஆறுதாங்க. எனக்கு எட்டு."

"முதல் ஆறுல முடியாத சண்டைக்கு எட்டு இருந்து இன்னா பண்ணுவீங்க? ஓடத்தான் போறோம்."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. கல்குவாரிக்காரர்தான் சத்தமாகச் சிரித்தார்.

அதன் பிறகு அசெம்பிளி, பஞ்சாயத்து, முனிசிபாலிட்டி என்று எந்த எலெக்ஷன் வந்தாலும் நான் உங்களைத் தேடிக்கொண்டே போவேன். ஊரில் எல்லோரும் யார் ஜெயிப்பார்கள் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் உங்களுக்கு என்ன பதில் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருப்பேன். தோட்டா விலை ஏறும்போதெல்லாம் உங்கள் புலம்பலைக் கேட்கவேண்டும். எதையும் மாம்பழத்தில்தான் அளப்பீர்கள். "ஒருவாட்டி விசைய இழுத்தா ஒரு கூடை பேனிஷா மாம்பழம் போச்சு, தறிக்காரரே. ஆறும் சுட்டா ஒரு மரமே போச்சு." அதனால்தான் நீங்கள் சுட்டதே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. நானும் சுட்டதில்லை என்பது உங்களுக்கும் தெரியாது.

அப்படி ஒரு நாள் பெஞ்சில், பிஸ்டலுக்குத் தோட்டா அடைக்கும் மேகசினில் ஸ்பிரிங் தளர்ந்துபோவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, நடுவில், "உங்க பொண்ணுக்குப் பாத்துக்கினு இருக்கீங்களா?" என்று கேட்டீர்கள். உங்கள் மகன் திருப்பதியில் காலேஜில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் பெண் அதே ஊரில் பேங்க்கில் வேலை பார்த்தாள். நான் ஸ்பிரிங் பேச்சை முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

பெண் பார்க்க வந்த அன்று என் வீட்டுக்காரி என்னிடமும் சம்பந்தியம்மா உங்களிடமும் ஒரே சத்தியத்தை வாங்கியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. துப்பாக்கி என்ற வார்த்தையே வாயில் வரக்கூடாது. வந்து உட்கார்ந்தோம். கேசரி சாப்பிட்டோம். மழையைப் பற்றிப் பேசினோம். கடைசியில் நீங்கள், "தறி கொட்டாயைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்றீர்கள். அந்தத் தறிச் சத்தத்துக்கு நடுவே, என் காதில் வாய் வைத்து, "இவ்ளோ பஞ்சுத் தூசில பிஸ்டல் வெச்சிக்கினா அது வேலை செய்யுமா?" என்று கத்தினீர்கள். நானும் கத்தினேன். அரைமணி நேரம் கழித்துத் தொண்டை கட்டி உள்ளே வந்தோம். பெண்ணும் மாப்பிள்ளையும் அதற்குள் எல்லாம் பேசி முடித்துவிட்டிருந்தார்கள்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் நகை எடுக்கப் போனது ஞாபகம் இருக்கிறதா? நான் கார் ஓட்டினேன். பக்கத்தில் நீங்கள். பின்னால் நம் இரண்டு பேர் வீட்டு அம்மாக்கள். "ரெண்டு துப்பாக்கி கூட வருது, எங்களுக்கு இன்னா பயம்?" என்று சொல்லித்தான் அவர்கள் கிளம்பினார்கள். என் பெண்ணுக்காக நாங்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்தது ஒரு கட்டைப்பையில், முறுக்குப் பொட்டலத்துக்கு அடியில், சம்பந்தியம்மா மடியில் இருந்தது. டிக்கி நிறையத் தாம்பாளங்கள்.

திருப்பதியில் நகையை எடுத்துக்கொண்டு திரும்பும்போது, ரேணிகுண்டா தாண்டி, புத்தூர் வருவதற்குள் பின்னால் ஒரு பைக். இரண்டு பேர். ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்கள். நான் வேகமாகப் போனால் அவர்களும் வேகமாக வந்தார்கள். மெதுவாகப் போனால் கை காட்டினார்கள். வெயில் பொளந்துகொண்டிருந்தது. ரோட்டில் வேறு வண்டி இல்லை. ஸ்டீயரிங்கில் என் கை வழுக்கியது. முன்பு இதே ரோட்டில்தான் நூல் வாங்கப் போனபோது என் பையைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள், அதற்குப் பிறகுதான் நான் லைசன்ஸே வாங்கினேன்.

"எடுங்க சம்பந்தி" என்றேன், மெல்ல.

"நீங்க எடுங்க. உங்களுதுலதான் எட்டு."

"உங்களுதுதான சிக்காது?"

நீங்கள் கழுத்தைத் திருப்பிப் பின்னால் வரும் பைக்கைப் பார்த்தீர்கள். பிறகு, "தோட்டா டிக்கில இருக்கு" என்றீர்கள்.

"டிக்கிலயா?"

"துப்பாக்கியும் தோட்டாவும் பக்கத்துல பக்கத்துல இருக்கக்கூடாதுன்னு இவ சொல்லிட்டா. துணிப்பையில போட்டு வெச்சிருக்கேன். நீங்க உங்களுத எடுங்க."

என் பிஸ்டல் டேஷ்போர்டில் இருந்தது. ஆனால் மேகசின் வீட்டு பீரோவில் இருந்தது. பீரோ சாவி பின்சீட்டில் என் வீட்டுக்காரி இடுப்பில் இருந்தது. இதைச் சொன்னபோது நீங்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அத்தனை வருஷம் வாதாடிய இரண்டு பேரும் அந்த நிமிஷத்தில் சமமானோம்.

பைக் முந்திக்கொண்டு வந்து நம் முன்னால் குறுக்கே நின்றது. நாம் இரண்டு பேரும் சீட்டோடு ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தோம். சம்பந்தியம்மாதான் கட்டைப்பையை என் வீட்டுக்காரி மடியில் தள்ளிவிட்டு, கதவைத் திறந்து இறங்கினார்.

"ஏம் காவாலி, இன்னா வேணும்?" என்று அவர் போட்ட அதட்டலில் பைக்கில் இருந்தவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள்.

"டிக்கி தெரிச்சுக்குந்தி அம்மா. மீ சஞ்சி படிபோயிந்தி" என்று ஒருவன் ஒரு துணிப்பையை நீட்டினான். டிக்கி சரியாக மூடாமல் திறந்துகொண்டு, பை விழுந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு பாவம் அவ்வளவு தூரம் துரத்தி வந்திருக்கிறார்கள். உங்கள் தோட்டாப் பை.

யாரைச் சுட வேண்டும் என்று நினைத்தோமோ அவர்களே கொண்டுவந்து தோட்டாவைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள், சம்பந்தி. தோட்டா தொலைந்தால் ஸ்டேஷனுக்கு என்ன பதில் சொல்வது என்று பயந்து, அதற்குப் பிறகுதான் நீங்கள் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தீர்கள். சம்பந்தியம்மா அவர்களுக்கு முறுக்கு கொடுத்து அனுப்பினார். நகரியில் வண்டியை விட்டு இறங்கும்போது என் வீட்டுக்காரி, "நல்ல வேளை, கூட ரெண்டு துப்பாக்கி இருந்துச்சு" என்றாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அலைச்சல் ஓய்ந்து கொஞ்சம் மூச்சு விட்ட பிறகு நீங்களே ஆரம்பித்தீர்கள். "நம்ம வழக்க முடிச்சிடலாம் சம்பந்தி. சுட்டுப் பாத்துடுவோம்." கடைக்காரர் அனுமதி வாங்கி, மலையடிவாரத்தில் சுட்டுப் பழகும் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். தோற்றவர் பெஞ்சில் எல்லோர் முன்னாலும் மற்றவருடையதுதான் சிறந்தது என்று சொல்லவேண்டும். அதுதான் பந்தயம்.

நான் முதலில். டமார் என்று ஒன்று போனது. எனக்கே ஆச்சரியம். இரண்டாவதற்கு விசையை இழுத்தேன், ஒன்றும் அசையவில்லை. சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே விழாமல் பாதியில் சிக்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் கழற்றிப் பார்த்தார். உள்ளே நகரிப் பஞ்சு, ஒரு குட்டித் தலையணைக்கு ஆகும்.

நீங்கள் ராஜா மாதிரி வந்து நின்றீர்கள். ஒரு கண்ணை மூடினீர்கள். க்ளிக். சிரித்துக்கொண்டே, "பாத்துக்கோங்க, அடுத்தது தானா வரும்" என்றீர்கள். அடுத்தது தானாகத்தான் வந்தது. க்ளிக். ஆறும் க்ளிக். கடைக்காரர் ஒரு தோட்டாவை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"தோட்டாவுக்கும் எண்ணெய் போடுவீங்களா?"

"வாராவாரம் போடுவேன்."

"துப்பாக்கிக்குத்தான் எண்ணெய். தோட்டாவுக்குப் போட்டா உள்ள இறங்கி மருந்து செத்துடும். ரெண்டு பேரும் இத்தன வருஷமா இத நம்பியா தூங்குனீங்க?"

நீங்கள் அந்த மைதானத்து மண்ணிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தீர்கள். கண்ணில் தண்ணீர் வந்தது. நானும் உட்கார்ந்தேன். "யார்கிட்டயும் சொல்லக்கூடாது சம்பந்தி. நம்ம ரெண்டு பேரு மானம்" என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினீர்கள். வழக்கு வாய்தாவில் நின்றது. புதுத் தோட்டா வாங்கி மறுபடி சுடலாம் என்றீர்கள். மாங்காய் சீசன் முடியட்டும் என்றீர்கள்.

சீசன் முடியவில்லை. நடு சீசனில், லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். சேதி கேட்டுக் கிளம்பி நான் புத்தூர் தாண்டுவதற்குள், எல்லாம் முடிந்துவிட்டதென்று போன் வந்துவிட்டது. அதே ரோடு. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

உங்களைத் தூக்கும்போது உங்கள் தம்பி, "துப்பாக்கி வெச்சிருந்த மனுஷன், வெடிச் சத்தத்தோடதான் போகணும்" என்று சரவெடி வாங்கிவந்து கொளுத்தினார். போன தீபாவளிச் சரக்கோ என்னவோ, நாலு வெடித்துவிட்டுப் புகைந்து அணைந்துபோனது. எல்லோரும் திகைத்து நின்றபோது, அழுது வீங்கிய முகத்தோடு சம்பந்தியம்மா, "அவரு தோட்டா மாதிரியே" என்றார். நான் அவரைப் பார்த்தேன். நாம் சுட்டுப் பார்த்த அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் வீட்டில் கொட்டிவிட்டிருக்கிறீர்கள். என் கையில் அடித்து வாங்கிய சத்தியம்! அத்தனை அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். எல்லோரும் நான் தேம்புகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். இரண்டும்தான் நடந்தது.

மாப்பிள்ளைக்கு ரிவால்வர் வேண்டாமாம். விற்றுவிடலாம் என்றார். முறைப்படி அனுமதி வாங்கி, போன மாதம் அவரும் நானும் கடைக்குப் போனோம். வாங்குகிறவருக்குச் சுட்டுக் காட்ட வேண்டும் என்று கடைக்காரர் மறுபடியும் அதே மைதானத்துக்கு அழைத்துப்போனார். புதுத் தோட்டா ஆறு போட்டார்.

ஆறும் வெடித்தது, சம்பந்தி. தயங்காமல், ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொரு சத்தத்துக்கும் மாப்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டார். நான் பொத்தவில்லை. சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்து அடங்கியதும், "சரி, ஒத்துக்கறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"இன்னா மாமா?" என்றார் மாப்பிள்ளை.

"ஒண்ணுமில்ல."

பெஞ்சில் எல்லோர் முன்னாலும் சொல்லவேண்டும் என்பதுதானே பந்தயம். திரும்பி வந்தபோது சொன்னேன். எலெக்ஷன் முடிந்து துப்பாக்கியைத் திருப்பி வாங்க அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் புது ஆட்கள். ரிவால்வர்தான் சிறந்தது என்று சொன்னதும் பிஸ்டல்காரர் ஒருவர் எழுந்தே விட்டார். எட்டு பெரிதா ஆறு பெரிதா என்று கேட்டார். என்னிடம் பிஸ்டல் இருப்பது அவருக்குத் தெரியாது. நான் உங்கள் பக்கம் நின்று பதில் சொன்னேன். வார்த்தை எங்கிருந்தோ தானாக வந்தது, கையை ஆட்டுவதுகூட உங்களைப்போலவே வந்தது. அவர் முகம் சிவந்துபோய், "உங்களோட பேச முடியாதுங்க" என்று உட்கார்ந்தார்.

அடுத்த எலெக்ஷனுக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.