அரசி இளவேனிலின் கடைசி வசனம்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஜோகுபாளையம் முழுக்கச் சேறு. துணி காயவில்லை. கேஸ் புக் பண்ண வேண்டும்.

'நீலவாசல்' நாவல், கடைசிக்கு முந்திய அத்தியாயம் முடிந்தது. மொபைல் கேமை வைத்து எழுதும் நாவல். கேமில் யார் செத்தாரோ அவர் நாவலிலும் சாக வேண்டும், ஒப்பந்தம் அப்படி. தளபதி கோவன் அரசி இளவேனிலைக் காதலிக்கிறான், பிறகு அவள் அவனை நம்பிச் சொன்ன ரகசியச் சுரங்க வழியை மந்திரிக்குக் காட்டிக் கொடுக்கிறான். அவளைக் கோபுரத்தில் அடைக்கிறார்கள். அவனோடு ஒரு வார்த்தை பேசாமல் அங்கேயே சாகிறாள். மாற்ற முடியாது. எனக்கென்ன, பேசிய வேலை.

எனக்கென்ன என்று எழுதியது பொய். கேமில் இளவேனிலுக்குக் குரல் கொடுத்தவள் என் தோழி ஸ்டெல்லா. என் ஸ்டெல்லா. போன வருஷம் பிளட் கேன்சரில் போய்ச் சேர்ந்தாள். அரசிக்கு வசனம் எழுதும்போதெல்லாம் அவள்தான் காதில் பேசுகிறாள். இன்று "யாரங்கே!" என்று எழுதியதும் சிரித்தாள். சத்தியமாகக் கேட்டது. ஃபேனை நிறுத்திப் பார்த்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

பிரகாஷ் போன். கேம் கம்பெனியில் கதைக்குப் பொறுப்பு அவன்தான், ஒவ்வொரு அத்தியாயமும் அவன் ஓகே பண்ண வேண்டும். ஸ்டெல்லாவுக்கு நிச்சயம் பண்ணியிருந்த பிரகாஷ். அவள் ஆஸ்பத்திரியில் படுத்ததும் போனை எடுப்பதை நிறுத்திய பிரகாஷ்.

"ஆடியோ புக்கும் வருது. அரசி பேசறது மட்டும் ஸ்டெல்லா குரல்ல. கம்ப்யூட்டரே செஞ்சிடும், நீ எழுதினா போதும். அவங்கம்மா சரின்னுட்டாங்க."



அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கடைசில அரசி கோவனை மன்னிக்கற மாதிரி ஒரு லைன் வையேன். 'உன்மேல் எனக்குக் கோபமில்லை'ன்னு. கதைக்கு நல்லாருக்கும்."

"கேம்ல அப்படி இல்லியே."

"நான்தானே ஓகே பண்ணணும்?"

கதைக்காம்! திருட்டுப் பயல். செத்தவள் வாயால் மன்னிப்பு வேண்டும், அதுவும் நான் எழுதித் தர வேண்டும்.

பால் திரிந்துவிட்டது. கறுப்புக் காப்பி.

ஜூன் 12, வியாழன்

விவேக் நகர். வியாழக்கிழமை பூசை, சர்ச்சில் கூட்டம். ஆட்டோக்காரர் "ஒளகே ஹோகல்லம்மா", உள்ளே போகாது என்று கன்னடத்தில் சொல்லி முனையிலேயே இறக்கிவிட்டார். நடை. ஸ்டெல்லாவின் அம்மா லில்லி ஆன்ட்டி பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்.

"ஏன் ஆன்ட்டி சரின்னீங்க?"

போனை எடுத்து கேமைத் திறந்தார். திறந்ததும் அரசி பேசுவாள்: "வந்தாயா? உனக்காகத்தான் காத்திருந்தேன்." மூடினார். மறுபடி திறந்தார். "வந்தாயா?"

"எனக்கு வெளாடவா தெரியும்? இதுக்குத்தான்டி. எத்தினி வாட்டி இதையே கேக்கறது? புதுசா ஏதாச்சும் பேசட்டுமே."

பிரகாஷ் கேட்டதைச் சொன்னேன். டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"கடேசி வரைக்கும் கதவையே பாத்துட்டிருந்தா, அவன் வருவான்னு. மன்னிச்சாளா இல்லியான்னு என்கிட்டயே சொல்லல. நீ எப்படிடி சொல்லுவ?"

திரும்பும்போது குடை அங்கேயே மறந்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

கடைசி அத்தியாயம். கோபுரத்தடியில் கோவன் மண்டியிட்டுக் கதறுகிறான். "ஒரு வார்த்தை சொல், இளவேனில்!" அவள் சாளரத்தில் நிற்கிறாள். பேசவில்லை. கேமில் உள்ளபடியே. யாரும் குறை சொல்ல முடியாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சாளரத்தைச் சாத்திவிட்டு, கூடவே அடைபட்டிருக்கும் தோழி செம்பியைப் பார்த்து அரசி கேட்கிறாள்: "சாப்பிட்டியாடி?"

அரண்மனையில் யார் இப்படிப் பேசுவார்கள்? ஸ்டெல்லா பேசுவாள். போனில் ஹலோ சொல்ல மாட்டாள், இதைத்தான் கேட்பாள். கீமோ போட்ட அன்றும் கேட்டாள்.

அனுப்பிவிட்டேன். அவனைத் திட்டினேனே, நான் மட்டும் என்ன பண்ணியிருக்கிறேன்? பயமாக இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

பிரகாஷ். "அவ ஏன் கோவன்கிட்ட பேசல?"

"கேம்ல பேசலியே."

மூக்கை உறிஞ்சினான். "அந்த இன்னொரு லைன்..."

"எடுத்துடாத பிரகாஷ்."

"எடுக்கல. என்கிட்டயும் அதான் கேப்பா." வைத்துவிட்டான்.

பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே எரிச்சலாகவும் இருந்தது.

ஜூன் 20, வெள்ளி

வெயில். கேஸ் வந்தது. ஆடியோ சாம்பிளும் வந்தது. லில்லி ஆன்ட்டிக்கு அனுப்பிவிட்டு, தொடாமல் வைத்திருந்தேன். துணி துவைத்தேன். அலமாரி ஒழித்தேன். மத்தியானம் ஆன்ட்டி போன்.

"கேட்டியா?"

"இல்ல ஆன்ட்டி."

"கேளுடி."

ஹெட்போன் மாட்டினேன். கோவன் கதறினான். சாளரம் சாத்தும் சத்தம்.

"சாப்பிட்டியாடி?"

அவள் கடைசியில் இழுப்பாள். இது இழுக்கவில்லை. அது அவளில்லை என்று நன்றாகத் தெரிந்தது.

"இன்னும் இல்லடி" என்றேன், வாய்விட்டு.