தட்டில் எழுதிய நம்பர்

மெல்போர்ன்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள கிரிஜாவுக்கு,

நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் சொன்னால் சிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை யுனிவர்சிட்டிக்குள் இருக்கும் யூகலிப்டஸ் காட்டில் டிஸ்க் கோல்ஃப் விளையாடினோம். பிளாஸ்டிக் தட்டை எறிந்து, தூரத்தில் நிற்கும் சங்கிலிக் கூடையில் விழவைக்க வேண்டும். தொலைந்த தட்டு திரும்பக் கிடைப்பதற்காக, அதன் அடியில் பெயரும் நம்பரும் எழுதிவைப்பார்கள்.

என்னோடு படிக்கும் ஜெகதீஷுக்கு அவன் மனைவி அக்ஷராவே எழுதிக் கொடுத்தாள். போன மாதம்தான் அவள் விசா கிடைத்து இங்கே வந்தாள். அவன் எறிந்தது மரத்தில் மோதினாலும் "சூப்பர்ங்க" என்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது. அவளிடம் பேனாவை வாங்கி, என் தட்டில் உன் பெயரையும் உன் இந்திய நம்பரையும் எழுதினேன். அதே எரிச்சலில் ஓங்கி எறிந்தேன். தட்டு புதருக்குள் போய் மறைந்தது. ஒரு மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை.

"விடுங்கண்ணா, யாராவது எடுத்தா கூப்பிடுவாங்க" என்றாள் அக்ஷரா.

ஆகவே ஆஸ்திரேலியா நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் கட் பண்ணாதே. என் நம்பரைக் கொடுத்துவிடு. உன் விசா விஷயமாக மெயில் வந்திருக்கிறதா என்றும் பார். ரசப்பொடி தீர்ந்துவிட்டது.

அடுப்பில் சோறு குழைகிறது, முடிக்கிறேன். கூப்பிடுகிறவரிடம் பேச்சை வளர்க்காதே. உன் டூட்டி முடிந்து உன் குரலைக் கேட்க நானே ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்கிறேன்.

உன்
ஈஸ்வரமூர்த்தி