சித்தப்பா புகையை விட்டார்

இதனால் சகலருக்கும், குறிப்பாக வெகு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நினைத்தால் மட்டும் போன் செய்யும் எங்கள் மூத்த மகளுக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டுச் சித்தப்பா போன வெள்ளிக்கிழமையோடு புகையை விட்டுவிட்டார். பதறாதே, அப்பாவின் தம்பி இல்லை, அவர் விடுகிற ஆளா? நான் சொல்வது வாசலில் நிற்கும் நம் லாண்டரி வேனை. புகை விடும், இருமும், கேட்டால் நேற்றே நிறுத்திவிட்டேனே என்பதுபோல் நிற்கும் என்று சொல்லி அதற்கு அந்தப் பெயரை வைத்தவளே நீதான்.

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா சொல்லிக்கொள்வதும் தம்பி எழுதிக்கொள்வதும். இங்கே நானும் அப்பாவும் இவனும் சுகம், இஸ்திரிப் பெட்டி சுகம், பெரிய வாஷிங் மெஷின் மட்டும் சுற்றும்போது நடக்க ஆரம்பித்துவிட்டது, காலுக்குக் கட்டை கொடுத்து உட்காரவைத்திருக்கிறோம். நீ சுகமா என்பதை நீதான் எழுத வேண்டும், எழுதும்போது மறைக்காமல் எழுது. என் இரண்டு கையிலும் ஆஸ்பத்திரி பெட்ஷீட் இருக்கிறது, நான் மடித்துக்கொண்டே சொல்கிறேன், தம்பி எழுதுகிறான். அதனால் இதில் நான் என்று வந்தால் அது அம்மா, தம்பி என்று வந்தால் அது அவன். அவனைப் புகழ்ந்து ஏதாவது வந்தால் இதை அம்மா சொல்லியிருப்பாளா என்று ஒரு நிமிஷம் யோசித்துக்கொள். (சொன்னாள். அறிவுமிக்க தம்பி என்றே சொன்னாள்.) போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ நடுவில் பேசுவாய், அதனால்தான். நீ போனபிறகு பெட்ஷீட்டின் மறுமுனையை உன் அப்பாதான் பிடிக்கிறார். மூலையோடு மூலை சேர்ப்பதில்லை, எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறார், நான் ஒரு இழுப்பு இழுத்தால்தான் மறுபக்கம் ஆள் இருப்பது அவருக்கே தெரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி கேட்டில் புது உத்தரவு வந்திருக்கிறது, புகைச் சோதனை செய்து வாங்கிய சான்றிதழ் கண்ணாடியில் ஒட்டியிருந்தால்தான் எந்த வண்டியும் உள்ளே போகலாம். கேட் வாட்ச்மேன், நம் வண்டியை வருஷக்கணக்காகப் பார்க்கிறவர், என்னிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறவர், அன்றைக்கு என்னை யாரோ மாதிரி நிறுத்தி, சான்றிதழ் அடுத்த வாரம் சனிக்கிழமையோட முடியுதும்மா, அதுக்கப்புறம் திங்கக்கிழமை புதுசு இல்லன்னா நான் விட முடியாது, கோவிச்சுக்காதீங்க என்றார். கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது, அவர் வேலை அது. ஆனால் நம் அழுக்குத் துணியில் பெரும்பாதி அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வருவது உனக்குத் தெரியும். அந்த கேட் மூடினால் நம் கடையும் மூட வேண்டியதுதான். அதற்காக நான் பயந்துவிடவில்லை, போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் சித்தப்பா ஒரே தடவையில் தேறியவர்தான். ஞாயிற்றுக்கிழமை தம்பி தானாகவே வாளியும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு போய் சோதனைக்கு வண்டியைத் தயார் செய்கிறேன் என்று உள்ளும் புறமும் கழுவித் துடைத்து வைத்தான். சொல்லாமலே ஒரு வேலை செய்கிறானே என்று அப்பாவும் நானும் ஆச்சரியப்பட்டோம். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று இப்போது அப்பா இஸ்திரி மேசையிலிருந்து சொல்கிறார், அதை எழுத வேண்டாம் என்றால் இவன் எழுதுகிறான்.

செவ்வாய்க்கிழமை தம்பியையும் ஏற்றிக்கொண்டு போனேன். சோதனை நடக்கும் அந்தத் தெருவை நீ பார்க்க வேண்டும். இன்ஜின் நன்றாகச் சூடேறியிருந்தால் புகை குறையும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அதனால் வரிசையில் நிற்கும் அத்தனை வண்டியும் உறுமிக்கொண்டே நிற்கிறது. புகையைக் குறைப்பதற்காக ஊரிலேயே அதிகமாகப் புகை விடுகிற தெரு அதுதான். (அந்தத் தெருவுக்கு ஒரு சோதனை வைத்தால் தெரு தேறாது என்றான் தம்பி. வரிசையே சிரித்தது.) எனக்கு முன்னால் நின்ற டாக்ஸிக்காரருக்கு இது மூணாவது முறையாம். ஒரு மெக்கானிக் நாசில் என்கிறார், இன்னொருவர் பம்ப் என்கிறார், மூணாவது ஆள் நேரம் சரியில்லை என்கிறார், நேரத்துக்கு ஸ்பேர் பார்ட் எங்கம்மா கிடைக்கும் என்று என்னைக் கேட்டார். சவாரி ஓட்ட வேண்டிய பொழுதெல்லாம் வரிசையில் போகிறது என்று சொல்லிவிட்டு, அதற்காக சும்மா இருந்துவிடவும் முடியாது, என் சின்னப் பொண்ணுக்கே இழுப்பு இருக்கு என்று அவரே சொன்னார். இரண்டு பக்கமும் அவரே பேசி முடித்துவிட்டார்.

என் முறை வந்தது. சோதனை செய்கிற பையன் சைலன்சருக்குள் ஒரு குழாயைச் செருகிவிட்டு, ஆக்ஸிலேட்டரை அடி வரைக்கும் மிதிங்க மேடம் என்றான். நான் அந்த வண்டியை அப்படி ஒருநாளும் மிதித்ததில்லை. மிதிங்க, இன்னும் மிதிங்க, பயப்படாதீங்க என்றான். மிதித்தேன். பின்னால் தார் டின் வெடித்ததுபோல் ஒரு புகை. திரையில் சிவப்பு எழுத்து. பையன் போட்டிருந்ததோ வெள்ளைச் சட்டை. அவன் கையால் தேய்க்கப் போனான், நான் என்னை அறியாமல் கத்திவிட்டேன், டேய் தேய்க்காதே, தண்ணி படாம உதறு, தேய்ச்சா உள்ள இறங்கிடும் என்று. அவன் உதறினான், கரி போய்விட்டது. தேங்க்ஸ் மேடம் என்று சொல்லிக்கொண்டே தோல்விச் சீட்டை அச்சடித்துக் கொடுத்தான். சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிட்டு இன்னொரு தடவை வாங்க என்றான். நல்ல பையன்தான்.

நம் மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டரை இப்போதுதான் புதுசாக மாற்றினோம், அதனால் அந்தப் பக்கம் அவர் போகவே இல்லை. மற்றதையெல்லாம் பார்த்தார், காது வைத்துக் கேட்டார், டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, இன்ஜினையே இறக்கணும்க்கா, இந்த வயசு வண்டிக்கு அது தேவையா யோசிங்க என்றார். ஆஸ்பத்திரியிலிருந்தும் ஒரு மூட்டை திரும்பி வந்தது, பின்கதவு ரப்பர் வழியாகப் புகை ஏறி பெட்ஷீட் ஓரமெல்லாம் கரும்புள்ளி. இதுவரை நம் கடையிலிருந்து போன துணி அழுக்கு என்று திரும்பியதில்லை. அன்று மாலை நான் நீ சொன்னதை நினைத்தேன். வண்டியை வித்துடும்மா, கடையையும் மூடிட்டு இங்க வந்துடுங்க என்று நீ ஒவ்வொரு தடவையும் சொல்கிறாய், நான் ஒவ்வொரு தடவையும் பால் பொங்குகிறது என்று போனை வைக்கிறேன். இந்தத் தடவை பழைய இரும்புக்காரருக்குப் போன் செய்தேன். நீ பேசி நான் கேட்காததை ஒரு குழாய் கேட்க வைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை அவர் வந்தார். டயரை உதைத்தார், கதவைத் திறந்து மூடினார், இதுல பாதி துரு, மீதி பெயின்ட் என்றார். நான் வண்டிக்குள்ளிருந்து நம் சாமானை எடுத்தேன், பழைய தலையணை உறையில் தைத்த சீட் மெத்தை, டார்ச், உன் ஹேர்பின் ஒன்று, நீ இன்னும் அதைத் தேடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடு. தான் கொடுத்திருந்த ஜாக்கியை எடுத்துப் போக மெக்கானிக் அண்ணனும் வந்திருந்தார். சாவியை நான் நீட்டுகிற நேரம் பார்த்து அறிவுமிக்க தம்பி குறுக்கே வந்து நின்றான். அந்த ஃபில்டர் பெட்டியை மட்டும் ஒரு தடவை திறந்து பாருங்களேன் என்றான். அது புதுசுடா என்றார் அண்ணன். திறங்கண்ணே, எனக்கென்னமோ அங்கதான்னு தோணுது என்றான். தலைமுறை தலைமுறையாக ஸ்பேனர் பிடித்த கைகளுக்கு எட்டாத உண்மை ஒரு மாணவனின் கூர்ந்த புத்திக்கு எட்டியது. (இந்த வாக்கியம் என் சொந்த வாக்கியம். அம்மாவுக்கு இவ்வளவு வராது.) அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். ஃபில்டரை வெளியே எடுத்தார், விரலால் தட்டிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு தன் கடைக்குப் போய்ப் புதுசு ஒன்று கொண்டுவந்து மாட்டினார். ஸ்டார்ட் செய்தேன். சித்தப்பா ஒரு தடவை இருமினார், அப்புறம் மூச்சு விட்டார் பார், பின்னால் நின்ற இரும்புக்காரர் முகத்தில்கூட ஒன்றும் படவில்லை. அவர்தான் கோபித்துக்கொண்டு போனார். சனிக்கிழமை திரும்பவும் அந்தத் தெரு, திரும்பவும் மிதிங்க மேடம், திரையில் பச்சை எழுத்து. அந்தப் பையன் என்னைப் பார்த்ததும் முதல் வேலையாகத் தான் போட்டிருந்த கறுப்புச் சட்டையைக் காட்டினான், நீங்க வருவீங்கன்னு மாத்திட்டு வந்தேன் என்றான். டாக்ஸிக்காரர் அங்கேயே நின்றிருந்தார், நாலாவது முறை. அவரிடமும் ஃபில்டரைத் திறந்து பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு அது இல்லையென்றாலும் ஒன்றைக் கழித்ததாகும்.

ஆகவே கடை மூடவில்லை, நாங்கள் அங்கே வரவில்லை, நீ அலமாரியில் எங்களுக்காக ஒதுக்கிய தட்டில் உன் துணியையே வைத்துக்கொள். வருத்தப்படாதே. நான் வர மாட்டேன் என்று சொல்லவில்லை, சோதனையில் தோற்று வர மாட்டேன் என்றுதான் சொல்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் துணியை அறைக்குள் காயப்போடாதே, போட்டால் ஜன்னலைத் திற. உன் ஸ்கூட்டருக்கும் அங்கே புகைச் சோதனை இருக்கும், சீட்டில் தேதி எப்போது முடிகிறது என்று இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் எழுந்து போய்ப் பார். நினைத்தது நடந்து, நல்ல காற்றும் நல்ல தூக்கமுமாக நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு, கையில் பெட்ஷீட் இருந்ததால் பேனாவை இதற்கு மட்டும் வாங்கிக் கையெழுத்துப் போடும்,
உன் அம்மா.

அக்கா, கடிதம் இதோடு முடிந்திருக்க வேண்டும். ஃபேன் காற்றில் காகிதம் பறக்கிறது என்று அம்மா பின்கட்டுக்குப் போய் ஒரு பாரம் எடுத்துவந்து காகிதத்தின் மேல் வைத்தாள். இத வெச்சுக்கோ, இனிமே பறக்காது என்றாள். பார்த்தால் அந்தப் பழைய ஃபில்டர். மெஷினிலிருந்து எடுத்த துணிப் பஞ்சுக்கு அடியில், குப்பைத் தொட்டியின் அடிமட்டத்தில் நான் புதைத்துவிட்டு வந்தது. அக்காவுக்கு மீதியையும் எழுதிடு என்று சொல்லிவிட்டு மடிக்கப் போய்விட்டாள். இனி இதில் நான் என்றால் நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உள்ளும் புறமும் கழுவினேன் என்று வந்ததே, அந்த உள்ளில் ஃபில்டரும் சேர்த்தி. திறந்து பார்த்தேன், காகிதம் மடிப்பு மடிப்பாக, புதுசுதான் என்றாலும் அதற்குள் மேலே கரி படிந்து இருந்தது. நம் வீட்டில் கரி படிந்த ஒன்றைப் பார்த்தால் என்ன செய்வோம்? சோப்புத் தண்ணீரில் முக்கினேன், அலசினேன், பளிச்சென்று இருக்கட்டும் என்று நீலமும் போட்டேன். காய்ந்தபோது மடிப்பெல்லாம் துவண்டு தொங்கியது. மடிப்பு நிற்க வேண்டும் என்றால் நம் வீட்டில் என்ன செய்வோம்? கஞ்சி போட்டேன். டாக்டர் கோட்டுக் காலருக்குப் போடும் கெட்டிக் கஞ்சி. அப்பா சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்தபோது இஸ்திரிப் பெட்டியின் முனையால் ஒவ்வொரு மடிப்பாக நீவியும் விட்டேன். அவ்வளவு விறைப்பான, அவ்வளவு வெண்மையான ஃபில்டர் எந்த வண்டியிலும் இருந்திருக்காது. காற்று மட்டும் உள்ளே போகாது.

கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தது நான்தான், அது பொய்யில்லை. வைத்தவனுக்கு இடம் தெரியாதா? செவ்வாய்க்கிழமை சிவப்பு எழுத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் வாய் வரவில்லை. அதுவாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை அம்மா உன் ஹேர்பின்னை எடுத்து, ஊதித் தூசி தட்டி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இரும்புக்காரரிடம் சாவியை நீட்டினாள். அப்போதுதான் வாய் வந்தது. அதுவும் பாதிதான் வந்தது.

எப்பம்மா தெரியும் என்று இப்போது கேட்டேன். அண்ணன் கையில எடுத்தப்பவே தெரியும், நீலம் போட்ட ஃபில்டர் இந்த ஊர்ல வேற யார் வீட்ல இருக்கும் என்றாள். கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. கஞ்சி நல்ல பதம், அதுல குறை சொல்ல முடியாது என்றும் சொன்னாள். அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தார், இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். இந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். வேணாம், நீ உன்னப் புகழ்ந்ததெல்லாம் அப்படியே போகட்டும், அவ சிரிச்சு ரொம்ப நாளாச்சு என்றாள். இன்றிலிருந்து பெட்ஷீட்டின் மறுமுனை எனக்காம், அப்பாவுக்கு விடுதலை. கூப்பிடுகிறாள், போகிறேன்.

இப்படிக்கு,
அறிவுமிக்க என்பதை இன்றோடு விட்டுவிட்ட உன் தம்பி.