பாதிச் சுமையில் நின்ற தகடு

மார்ச் 4
மறுபடியும் ஒத்துவரவில்லை. இழை பின்னிய பீங்கான் தகடு எந்தச் சுமையில் விரிசல் விடும், எப்போது உடையும் என்று கணினியில் முன்கூட்டிச் சொல்வதுதான் என் வேலை. இரண்டு தகடுகள் என் மாடல் சொன்னபடியே உடைந்தன. மூன்றாவது, சனியன், பாதிச் சுமையிலேயே போய்விட்டது. உள்ளே இழை இருந்த மாதிரியே தெரியவில்லை. வெறும் ஓடு.

அடுத்த வாரம் ஒப்புதல் கூட்டம். என் மாடலை நம்பித்தான் இந்தப் பீங்கானில் செய்த பாகம் எஞ்சினுக்குள் போகப்போகிறது.

மார்ச் 5
இழையின் பலத்தைக் குறைத்தால் மூன்றாவது பொருந்துகிறது. முதல் இரண்டும் கெடுகின்றன. தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வீட்டுக்காரர், "உடைக்கிறதுக்குச் சம்பளமா? நம்ம பொண்ணு ஓசியிலயே பண்றாளே" என்றார். தட்டை நங்கென்று வைத்துவிட்டு எழுந்தேன்.

மார்ச் 6
மேலாளர்: "அதைத் தூக்கிப் போடும்மா. சோதனையில ஏதோ கோளாறு. ரெண்டு பொருந்துதுல்ல?"

எனக்கும் ஆசைதான்.

மார்ச் 7
உலைச் சூட்டில் தகட்டை இழுத்து உடைக்கிற சோதனைக்கூடத்துக்காரரிடம் சண்டைக்கே போனேன்.

"நான் என்னம்மா பண்ணேன்? பாதி சுமை ஏத்தினதும் மீட்டிங்னு கூப்பிட்டாங்க. அப்படியே நிறுத்தி வெச்சுட்டுப் போனேன். சாயங்காலம் வந்து பாத்தா ரெண்டு துண்டு."

வாயில் வந்தபடி திட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 8
பல் துலக்கும்போது உறைத்தது. எஞ்சினுக்குள் அந்தப் பாகத்தை யாரும் பத்து நிமிடத்தில் இழுத்து உடைக்கப் போவதில்லை. பாதிச் சுமையில், அதே சூட்டில், மாதக்கணக்கில் நிற்கும். விரிசல் வழியாகக் காற்று புகுந்து இழையின் மேல்பூச்சைத் தின்னும். பூச்சு போனால் இழை பீங்கானோடு ஒட்டிக்கொள்ளும் — விரிசல் இழையையும் சேர்த்தே அறுத்துக்கொண்டு போகும், அப்புறம் அதை எது தடுக்கும்? என் மாடலில் சுமை இருக்கிறது, நேரம் இல்லை. ஐயோ, ரெண்டு வருஷ உழைப்பு! எல்லாம் பாழ்.

மார்ச் 11
கூட்டத்தில் சொல்லிவிட்டேன். மேலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. "இப்பப் போய்ச் சொல்றியேம்மா! இன்னொரு தகட்டை வேணும்னே நிறுத்தி வெச்சுப் பாக்கலாம். உடையலைன்னா நான் கையெழுத்துப் போட்டுடுவேன். நீ வேற வேலை பாத்துக்க."

சரி சார் என்றேன்.

மார்ச் 13
புதுத் தகட்டைப் பாதிச் சுமையில் நிறுத்திவிட்டார்கள். உடைய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேனா, உடையக் கூடாது என்றா?

மார்ச் 14
உடைந்துவிட்டது.

மேலாளர் இரண்டு துண்டுகளையும் என் மேசையில் வைத்தார். "மாடலைத் திருத்த எத்தனை மாசம் வேணும்?"

"தெரியலை சார்."

கத்துவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சரி, முதல்லேர்ந்து காட்டு."