சராசரிக்குள் அடங்காதவர்கள்

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே நான் நலம். நீ நலமா என்று கேட்கத்தான் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. அதையே வீடு வீடாகக் கேட்டு அளப்பதுதானே உன் வேலை. நான் மேம்போக்காகக் கேட்டால் கேள்வி சரியில்லை என்பாய். அதனால் நேராகவே கேட்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தூக்கம் வருகிறதா? அட்டை கடித்த புண் ஆறிவிட்டதா? கூரை ஒழுகுகிறது என்றாயே, யாராவது வந்து பார்த்தார்களா?

அந்தக் காட்டோரத்தில் தொலைபேசி எடுக்காதது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. பேசியிருந்தால் இரண்டு பேரும் அழுதே நேரத்தைக் கழித்திருப்போம். கடிதம் என்றால் நிதானமாகத் திட்டலாம்.

நேற்று உன் ஆய்வு நிறுவனத்துக்குப் போய் உன் அறையைக் காலி செய்துவிட்டு வந்தேன். உன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதால் மேசையை வேறொருவருக்குக் கொடுக்கப் போகிறார்களாம். நம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வண்டியையே எடுத்துக்கொண்டு போனேன். புத்தகங்கள், கண்ணாடிக் குப்பிகள், ரப்பர் பூட்ஸ், சுவரில் ஒட்டியிருந்த வண்டுப் படம் எல்லாவற்றையும் பின் சீட்டில் அடுக்கினேன். வாசல் காவல்காரரின் மனைவி என்னிடம் கார் ஓட்டக் கற்றவள். அந்த உரிமையில் அவர், "என்ன டீச்சர், இங்க யாருக்கு டிரைவிங் கிளாஸ்?" என்றார். "இங்க இருக்கிறவங்களுக்கு ரிவர்ஸ் மட்டும் நல்லா வருதாம், முன்னாடி போகக் கத்துக்கொடுக்க வந்தேன்" என்றேன். சிரித்துவிட்டு, யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

கிளம்பும்போது உன் பேராசிரியர் கூப்பிட்டனுப்பினார். சண்டை போடுகிற எண்ணத்தோடுதான் உள்ளே போனேன். ஆனால் மனிதர் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். என் கோபத்துக்கு உட்கார இடமில்லாமல் போய்விட்டது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன், தப்பென்றால் திருத்து. காட்டைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் நீ போய் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டாய். மற்றவர்கள் அங்கங்கே மரம், பறவை, தவளை எத்தனை வகை என்று எண்ணினார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எங்கே உயிர்வகைகள் அதிகமோ அங்கே மனிதர்களும் நன்றாக இருக்கிறார்கள் என்று வருகிறது. ஆண், பெண் எல்லோரையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தால் அப்படி. பெண்களை மட்டும் பிரித்தால் தலைகீழ். காடு எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பயம், அவ்வளவு தூக்கக் கேடு. மொத்தக் கணக்கு மட்டும் போதும் என்கிறார் அவர். இரண்டையும் போட வேண்டும் என்கிறாய் நீ.

"உங்க மருமக பொய் சொல்றான்னு நான் சொல்லலைம்மா. அவ கணக்கு சரி. ஆனா எதை எப்பச் சொல்றதுன்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றார். "அந்தக் காட்டைச் சுத்தி ரப்பர் தோட்டக் கம்பெனி காத்துக்கிட்டு நிக்குது. காட்டுப் பக்கம் இருக்கிற பொம்பளைங்க சந்தோஷமா இல்லேன்னு நாமளே எழுதிக்கொடுத்தா, அந்தத் தாளையே காட்டி அனுமதி வாங்கிடுவான்."

அந்தக் காட்டில் மட்டுமே இருக்கும் ஒரு தவளையின் படத்தைக் காட்டினார். பேரப்பிள்ளை படத்தைக் காட்டுகிறவர் மாதிரி முகம் அப்படிக் குழைந்தது. அதற்காகவே வாழ்நாளைக் கழித்தவர். அவர் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! தேநீர் தீரும் வரை நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். எழுந்தபோது ஒரு உறையைக் கையில் கொடுத்தார். மொத்தக் கணக்கோடு அறிக்கை வெளியாக உனக்குச் சம்மதம் என்று நீ கையெழுத்துப் போட வேண்டிய தாள். போட்டால் வேலை திரும்பக் கிடைக்கும். போடாவிட்டால் உன் பெயர் இல்லாமல் அறிக்கை வெளிவரும்.

வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்போதுதான் உன் காட்டோரக் குடியிருப்பின் அந்தச் சிரிப்புக்காரி நினைவுக்கு வந்தாள். நான் உன்னோடு வந்து தங்கியிருந்தபோது, ஆண்கள் வாசலை விட்டு நகராததால் பெண்கள் வாய் திறக்கவில்லை என்று தவித்தாயே. ஜீப் ஓட்டக் கற்றுத் தருகிறேன் என்று ஆண்களை நான் ஓட்டிக்கொண்டு போனேன். அதனால் நீ கேட்ட பதில்களில் பாதியை நான் கேட்கவில்லை. ஜீப் சேற்றில் சிக்கி நான் நடந்தே திரும்பி வந்த அன்று, அவள் சொன்னதை மட்டும் கேட்டேன்.

"காடு அழகில்லேன்னு யாரு சொன்னா? விடியறதுக்கு முன்னாடி ஒதுங்கப் போறப்ப, பின்னாடி சருகு சரசரங்கும் பாருங்க, அப்ப அழகெல்லாம் தெரியாது. ஒரு கக்கூஸும் அதுக்கு ஒரு கதவும் கட்டிக் கொடுங்க. நானும் உங்களை மாதிரி நின்னு பறவை பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். கூட இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

நான் இத்தனை வருடமாக, வண்டி ஓட்டப் பயப்படும் பெண்களின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிழைக்கிறவள். வண்டியில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள். ஓட்டுகிறவள் நடுங்குகிறாள், மற்ற நால்வரும் பாட்டுப் பாடுகிறார்கள். சராசரி பார்த்தால் வண்டி சந்தோஷமாகப் போகிறது. அது எங்கே போய் முட்டும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் மகன், உன் கணவன், இரண்டு நாளாகச் சாப்பாட்டு மேசையில் என்னிடம் வழக்காடுகிறான். "நீங்க சொன்னா கேட்பா. ஒரு பக்கம் அச்சாகலேன்னா உலகம் மூழ்கிடுமா? கையெழுத்துப் போட்டுட்டு வரச் சொல்லுங்க" என்றான். இன்னொன்றும் சொன்னான்: "வரமாட்டேன்னா அங்கேயே இருந்துக்கட்டும்." இந்த வார்த்தையை உன்னிடம் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். மறைக்கக் கூடாது என்றுதானே நீ இவ்வளவு பாடுபடுகிறாய். நானே மறைத்தால் எப்படி?

உறையை இதோடு வைத்திருக்கிறேன். போடுவதும் கிழிப்பதும் உன் இஷ்டம். என் கருத்தை நீ கேட்கவில்லை, கேட்காவிட்டாலும் சொல்வேன்: போடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். கொசுவலையில் ஓட்டை இருந்தால் இப்போதே தைத்துவிடு.

உன் அத்தை

*

அன்பு மருமகளுக்கு,

அத்தை. நீ திருப்பி அனுப்பிய தாள் வந்தது. கையெழுத்துக்கான இடத்தில் குறுக்கே நீ இழுத்திருந்த கோட்டைப் பார்த்தேன். அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நேராக இருந்தது. கொண்டுபோய்ப் பேராசிரியர் மேசையில் நானே வைத்தேன்.

அறிக்கை வெளியீட்டு விழாவுக்கு எனக்கு அழைப்பில்லை. அழைப்பில்லாத இடத்துக்குப் போவதில் ஒரு வசதி, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். முன்வரிசையில் உட்கார்ந்தேன். குளிரூட்டிய மண்டபம், திரையில் பச்சைப்பசேல் என்று காடு, "காடு செழித்தால் மனிதர் மகிழ்வர்" என்று கொட்டை எழுத்து. மேடையில், ஆய்வுக்குப் பணம் கொடுத்த அறக்கட்டளையின் ஆட்கள். அறிக்கையின் அட்டையில் இருந்த பெயர்களை இரண்டு தடவை படித்தேன். உன் பெயர் இல்லை என்று தெரிந்தே தேடினேன்.

கடைசியில், யாருக்காவது கேள்வி உண்டா என்றார்கள். எழுந்தேன். ஒலிவாங்கி கைக்கு வந்தது. நெடுஞ்சாலையில் பிரேக் பிடிக்காத வண்டியில்கூட நான் இப்படிப் பயந்ததில்லை. "பெண்கள் என்ன சொன்னாங்கன்னு தனியாக் கணக்கு இருக்கா சார்?" என்று மட்டும் கேட்டேன்.

இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். என்னை உட்காரச் சொல்லியிருக்கலாம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "இருக்கு. நாங்க அச்சடிக்கலை" என்றார்.

மண்டபம் சலசலத்தது. யாரோ ஏன் என்று கேட்டார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான்தான் சிரிப்புக்காரி சொன்னதை அப்படியே சொன்னேன், கதவு உட்பட. சிலர் சிரித்தார்கள். அறக்கட்டளை அம்மாள் ஒருவர் மட்டும் குனிந்து எழுதிக்கொண்டார். வெளியே வந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை செய்தித்தாளை விரித்தேன். "காடு வேண்டாம்: காட்டோரப் பெண்கள் குமுறல்" என்று தலைப்பு. என்னைச் 'சமூக ஆர்வலர்' என்று போட்டு, நான் சொல்லாததையெல்லாம் நான் சொன்னதாக எழுதியிருந்தார்கள். கதவைக் காணோம். பேராசிரியர் போனில் கூப்பிட்டு, "இதுக்குத்தாம்மா பயந்தேன்" என்று ஒரே வரி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

என் மகன் தாளை என் முன்னால் விரித்து வைத்து, "திருப்தியா?" என்றான். இல்லை என்றுதான் சொன்னேன். ஆனால் கேட்டது தப்பு என்று சொல்ல மாட்டேன். கேட்டதைக் கோணலாக எழுதினவன் மேல்தான் தப்பு. கோணலை நிமிர்த்தலாம், ஒளித்து வைத்ததை யார் நிமிர்த்துவது?

நேரே பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். உதவி ஆசிரியர் பார்க்கலாம் மேடம், பார்க்கலாம் மேடம் என்று கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். வெளியே வந்து, வண்டியை அவர்கள் வாசலில் குறுக்கே நிறுத்தினேன். ஸ்டார்ட் ஆகவில்லை என்றேன். கற்றுக்கொள்கிறவர் வண்டி, 'எல்' போர்டு வேறு மாட்டியிருக்கிறது, யார் சந்தேகப்படுவார்கள்? தாள் ஏற்ற வந்த லாரிகள் பின்னால் வரிசையாக ஹாரன் அடித்தன. ஆசிரியரே இறங்கி வந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். அவர் எழுதி முடித்ததும் வண்டிக்குத் தானாகவே உயிர் வந்துவிட்டது.

திருத்தம் உள்பக்கத்தில், காணாமல்போன நாய்க்குட்டி விளம்பரத்துக்குக் கீழே, நகத்தளவு வந்திருக்கிறது. அந்தச் செய்தியையும் திருத்தத்தையும் வெட்டி இதில் வைத்திருக்கிறேன். கம்பெனிக்காரன் கொண்டுவந்து படித்துக் காட்டுவதற்கு முன் நீ அந்தப் பெண்களுக்குப் படித்துக் காட்டிவிடு. அவர்கள் என்னைத் திட்டினால் ஒரு வார்த்தை விடாமல் எழுது.

உன் அத்தை

*

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. உன் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு, தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

தோட்டக் கம்பெனி கூட்டிய கூட்டத்தில் அதிகாரி அந்தச் செய்தித்தாளைத் தூக்கிக் காட்டினாராமே. சிரிப்புக்காரி எழுந்து, "அதுல யாரு பேரு இருக்கு, படிங்க பார்ப்போம்" என்றாளாமே. ஒரு பெயரும் இல்லை என்றதும், "காட்டை வெட்டுன்னு எவ சொன்னா? வெட்டினா நாங்க விறகுக்கு உங்க வீட்டுக்கா வர்றது? பயமா இருக்குன்னோம். விளக்கு கேட்டோம், பாதை கேட்டோம், கதவு கேட்டோம். அதைக் கொடுக்க முடியாதவங்க எங்க பயத்தை எடுத்துட்டுப் போய் விக்காதீங்க" என்று அவள் சொன்னதை நீ எழுதியிருந்த பக்கத்தை மட்டும் நகலெடுத்துப் பேராசிரியருக்கு அனுப்பினேன்.

அவரே வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே, "உங்க மேல கோபம் போகலைம்மா, ஆனா நான் அந்தப் பொம்பளைங்களைக் குறைச்சு எடை போட்டுட்டேன்" என்றார். திருத்திய பதிப்பில் பெண்களின் கணக்கு தனி அத்தியாயமாக வருகிறது. அந்த அத்தியாயத்துக்கு உன் பெயர் மட்டும். நிறுவனத்தில் வேலை திரும்பக் கிடைக்காது. மேலே இருப்பவர்கள் சம்மதிக்கவில்லையாம். அதையும் மறைக்காமல் சொன்னார். இந்தத் தடவை தேநீர் நான் போட்டேன்.

கம்பெனியின் மனு தள்ளிப்போயிருக்கிறதே தவிர தள்ளுபடி ஆகவில்லை. அறக்கட்டளைக்காரர்கள் கழிப்பறைக்கு அஸ்திவாரம் தோண்டியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். சுவர் எழுந்து நிற்கும் வரை எதையும் நம்பாதே. போய்த் தினமும் நச்சரி.

என் மகன் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். பெட்டியைக் கட்டும்போது, "உங்களுக்கு நான் பிள்ளையா, அவ பிள்ளையா?" என்று கேட்டான். அவன் சட்டையை மடித்துக் கொடுத்தேன். அவனை வெறுக்காதே. அவனுக்குத் தோற்பது பழக்கமில்லை, அதைக் கற்றுக்கொடுக்காமல் வளர்த்துவிட்டேன். வக்கீல் மூலம் உனக்கு ஏதாவது தாள் வரக்கூடும் என்று நினைக்கிறேன். வந்தால் பயப்படாதே. நிதானமாகப் படி. உனக்குச் சரி என்று பட்டதைச் செய். எனக்காக எதையும் இழுத்துப் பிடிக்க வேண்டாம்.

நீ நன்றாக இரு. நினைத்ததை நினைத்தபடி எழுது. யார் மிரட்டினாலும் அந்தப் பெண்கள் பக்கத்திலேயே நில். அங்கே மழை விட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன். எனக்கு ஒரு பாய் போதும்.

ஒன்றே ஒன்று. எந்தத் தாள் வந்து என்ன சொன்னாலும், கடிதத்தின் தலையில் 'அத்தைக்கு' என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடாதே.

உன் அத்தை