வாகை மரத்துச் சிவப்புத் துணி

அப்பா,

போன வியாழக்கிழமை கடைக்கு ஓர் ஆள் வந்தார். மடுல்சீமைப் பக்கம் என்பது பேச்சிலேயே தெரிந்தது. நனைந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "தங்கச்சி, செவப்புத் துணி அரை யார் அளந்து வெட்டுங்க. சாயம் போகாததாப் பாத்துக் குடுங்க" என்றார். எதற்கு என்று நான் கேட்டிருக்கவே வேண்டாம். வாய் சும்மா இருக்கவில்லை. "மலையில குளவி கூடு கட்டியிருக்குங்க. மரத்துல கட்டிவிடணும்" என்றார்.

பதினோரு வருடமாக இந்தப் பதுளைக் கடைத்தெருவில் துணி வெட்டுகிறேன். சட்டைத் துணி, பாவாடைத் துணி, சாவு வீட்டுக் கோடி என்று என் கையால் எவ்வளவோ போயிருக்கிறது. அன்றைக்குக் கத்தரிக்கோல் ஓடவில்லை. புதுத் துணியின் கஞ்சி வாடை மூக்கில் ஏறியதும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. முதலாளி எட்டிப் பார்த்து, "ஏன் புள்ள, காலையில சாப்பிடல்லையா? போய் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். நல்ல மனிதர். எல்லா வியாதிக்கும் அவரிடம் ஒரே மருந்துதான்.

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே உங்களை அனுப்பிவிட்டேன். இனி எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த வாகை மரத்தில் கட்டியிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து எடுத்தவள் நான்தான்.

நம் தோட்டத்து வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சொல்லிப் பார்த்தால்தான் நான் செய்தது எவ்வளவு பெரியது என்று எனக்கே உறைக்கிறது. குளவிக் கூட்டை முதலில் பார்த்தவர், அந்த மலைக்கு ஏறும் வழியிலுள்ள மரத்தில் சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும். துணியைக் கண்டால் கொழுந்து பறிக்கும் பெண்கள் தேயிலை நிரைக்குள் கால் வைக்க மாட்டார்கள். புகை போட்டுக் கூட்டைக் கலைத்த பிறகு கட்டியவரே அவிழ்ப்பார். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. லயத்து வரிசை வீடுகளில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கு அப்போது பத்து வயது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் இல்ல விளையாட்டுப் போட்டி. நான் சிவப்பு இல்லம். தலையில் சிவப்பு ரிப்பன் இல்லாதவர்கள் ஓட முடியாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த வாரம் மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டு, பஸ்ஸே வரவில்லை. பசறைக்குப் போய் ஒரு ரிப்பன் வாங்கிவர ஆளில்லை. பள்ளிவிட்டுக் குறுக்கு வழியில் வரும்போது மரத்தில் அந்தத் துணி தொங்கியது. புத்தம் புதுத் துணி. போட்டி முடிந்ததும் கொண்டுவந்து அதே இடத்தில் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் கூடு இருப்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்றும் நினைத்துக்கொண்டேன். வேண்டிய நேரத்தில் மனது எவ்வளவு சுலபமாகக் காரணம் கண்டுபிடிக்கிறது பாருங்கள்.

காலையில் நீங்கள் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட முன்னதாகவே கிளம்பிவிட்டீர்கள். அம்மாதான் எனக்குத் தலை பின்னினாள். "எங்கடி புடிச்ச இத?" என்றாள். "டீச்சர் குடுத்தாங்க" என்றேன். ஓடும்போது அவிழ்ந்துவிடும் என்று இரண்டு முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து இறுக்கினாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு, ஆள் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய்விட்டாள். அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்ட ஒரே ஆள் அம்மாதான்.

நூறு மீட்டரில் நான் மூன்றாவதாக வந்தேன். ஒரு பிளாஸ்டிக் சவர்க்காரப் பெட்டி கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பக்கத்து லயத்து அக்கா ஒருத்தி, கொழுந்து பறித்தவர்களைக் குளவி கொட்டிவிட்டது என்று கத்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடிவந்தாள். எந்த மலை என்று அவள் சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஓடும் வழியிலேயே பின்னலை அவிழ்க்காமல் துணியை அப்படியே உருவி, சவர்க்காரப் பெட்டிக்குள் திணித்தேன். அம்மா செத்துப்போனாளா என்று தெரியும் முன்பே நான் ஒளிக்க ஆரம்பித்துவிட்டேன் அப்பா.

அம்மாவைத் தோட்டத்து லொறியில் ஏற்றினார்கள். மண் சரிந்த இடத்தில் லொறி நின்றுவிட்டது. படங்குச் சாக்கில் கிடத்தி நீங்கள் நான்கு பேர் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள். மறுபக்கம் வேன் நின்றுகொண்டிருந்தது. அதுவரை அம்மா தாங்கவில்லை. மற்றப் பெண்கள் நான்கு நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார்கள்.

மருதை மாமாதான் அந்த மலைக்குக் கங்காணி. நம் லயத்தில் மூன்றாவது காம்பராதான் அவர் வீடு. உங்களுக்கு மச்சான் முறை. எனக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டவர் அவர்தான். கூட்டைப் பார்த்த அன்றே ஆபீஸ் ஐயாவிடமும் சொல்லியிருந்தார். அதுவே அவருக்கு வினையாகிவிட்டது. கூடு இருப்பது தெரிந்த ஆள், துணியும் கட்டவில்லை, பெரட்டிலும் வாய் திறந்து சொல்லவில்லை என்று தோட்டமே பேசியது. "துணி கட்டியிருக்கேங்கிற தைரியத்துல சொல்லாம விட்டுட்டேன்" என்றார் அவர். எந்தத் துணி என்று கேட்டார்கள். மரத்தில் ஒன்றும் இல்லை.

அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் பகலில், நீங்கள் பீலியடியில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டினீர்கள். அந்தக் கத்தி மேல் உங்களுக்கு இருந்த பெருமை தோட்டத்துக்கே தெரியும். அதைத் தொட்டதற்காக ஒரு தடவை அம்மாவோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவர் நீங்கள். வழக்கமாகத் தீட்டும்போது ஏதாவது முணுமுணுப்பீர்கள். அன்று கல்லில் கத்தி உரசுவது மட்டும்தான் கேட்டது. பீலித் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்குள் ஒளிந்திருந்த மாமாவை இளவட்டங்கள் பிடித்து இழுத்து வந்தார்கள். சாக்குக் கட்டும் கயிற்றால் கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள். சட்டை கிழிந்திருந்தது. "இந்தாங்கண்ணே. நீங்களே பாத்துக்குங்க. நாங்க யாரும் பாக்கல" என்று ஒருவன் சொன்னான்.

மாமா உங்கள் முன்னால் முட்டி போட்டு விழுந்தார். "மச்சான், நான் கட்டுனேன். எங்காத்தா மேல சத்தியமாக் கட்டுனேன். ரெண்டு சுத்து சுத்திக் கட்டுனேன் மச்சான்."

"அப்ப துணி எங்கடா? குளவி தூக்கிட்டுப் போயிருச்சா?" என்று யாரோ அவர் பிடரியில் அடித்தார்கள்.

துணி என் கவுன் பையில் இருந்தது. காம்பராவில் யாராவது பெட்டியைத் திறந்துவிடுவார்கள் என்று பயந்து, அன்று அதைக் கூடவே வைத்திருந்தேன். பைக்குள் கையை விட்டு அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே எடுத்தால் போதும். பேசக்கூட வேண்டாம். எடுத்துக் காட்டினால் போதும்.

நீங்கள் எழுந்தீர்கள். கத்தியைப் பார்த்தீர்கள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தீர்கள். எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கவுன் நனைந்துவிட்டது. நீங்கள் குனிந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் மாமாவின் கைகள் முன்னால் இருந்தன. கயிறு அறுந்து தரையில் கிடந்தது.

"எந்திரி. தண்ணியக் குடிச்சிட்டுப் போ" என்றீர்கள். கூட்டத்தில் சத்தம் வந்தது. நீங்கள் அவர்கள் பக்கம் திரும்பி, "புள்ள மொகத்தப் பாருங்கடா. அது முன்னால நான் கொலகாரனா நிக்கவா? இவன வெட்டுனா அவ வந்துருவாளா?" என்றீர்கள். மாமா குடிக்கவில்லை. உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு, "மன்னிக்காத மச்சான், நம்பு. நம்புனாப் போதும்" என்று அழுதார். நீங்கள் காலை மெதுவாக விடுவித்துக்கொண்டு என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனீர்கள். துணி பிடித்திருந்த கை அது. பையிலிருந்து கையை வெளியே எடுக்கும்போது துணியை உள்ளேயே விட்டுவிட்டு வெறும் கையைக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எத்தனை பேரிடம் சொன்னீர்கள்! "எம் மக மொகத்தப் பாத்துதான் அன்னிக்கு விட்டேன். அவ கண்ணுல அவ்வளவு எரக்கம்." என் கல்யாணத்தில்கூட மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அடக்கமான பெண் என்றார்கள். என் கண்ணில் இரக்கம் கிரக்கம் ஒன்றும் இல்லை அப்பா. மாட்டிக்கொள்வேனோ என்ற பயம்தான் இருந்தது. நீங்கள் அதைத் தப்பாகப் படித்துக்கொண்டீர்கள். அந்தத் தப்பினால் ஒரு மனிதர் உயிர் பிழைத்தார். பிழைத்து என்ன கண்டார்?

கங்காணி வேலை போயிற்று. அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகவில்லை. ஒரு வருடத்துக்குள் குடும்பத்தோடு மொனராகலைக்குப் போய்க் கரும்பு வெட்டினார். ஆனால் ஒவ்வொரு வருடமும் அம்மாவின் திதிக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்துவிடுவார். வாசலிலேயே நிற்பார். நீங்கள் கூப்பிட்டு உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுப்பீர்கள். அந்தக் கோப்பையை நான்தான் கொண்டுபோய் நீட்டுவேன்.

எனக்குப் பத்தொன்பது வயதில் ஒருநாள் பதுளை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். வெயிலில் கறுத்து, பாதியாகப் போயிருந்தார். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "பாப்பா, நீ படிச்ச புள்ள. நீயாவது நம்புறியா? நான் கட்டுனேன்" என்றார். சுற்றி நம் ஆட்கள் ஒருவரும் இல்லை. அவருக்கு ஒரு வார்த்தை போதும். "பஸ் போயிரும் மாமா" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன். பஸ் கிளம்ப இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பாமல் அத்தனை நேரமும் உட்கார்ந்திருந்தேன்.

அவர் கடைசியாக வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இருமிக்கொண்டே தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "மச்சான், இத்தன வருசமா யோசிச்சுப் பாத்துட்டேன். நான் கட்டல போல. கட்டுனதா நெனச்சிருப்பேன். இல்லாட்டித் துணி எங்க போகும்?" என்றார். நீங்கள் அவர் தோளில் கை வைத்து, "இப்பவாவது சொன்னியே. போதும் விடு" என்றீர்கள். உங்கள் இருவர் கண்ணிலும் தண்ணீர். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அன்று பீலியடியில் நீங்கள் அவரைக் கொல்லாமல் விட்டீர்கள். மிச்சத்தை நான் வருடக்கணக்காகச் செய்து முடித்திருந்தேன்.

அடுத்த திதிக்கு அவர் வரவில்லை. மொனராகலையிலிருந்து செய்திதான் வந்தது. நீங்கள் சாவுக்குப் போய் வந்து, "நிம்மதியாப் போயிருக்கான்" என்றீர்கள்.

அதன் பிறகாவது சொல்லியிருக்கலாம். பதுளை ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, மருதை மாமா விசயமா ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். நீங்கள் கண்ணைத் திறக்காமலே என் கையைத் தட்டிக்கொடுத்தீர்கள். "விடும்மா. அவன நான் எப்பவோ மன்னிச்சாச்சு. நீயும் மன்னிச்சுரு" என்றீர்கள். நான் சரி என்றேன். சரி என்றுதான் சொன்னேன் அப்பா. உங்களோடு நான் கடைசியாகப் பேசிய பேச்சு அது.

சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று தினமும் யோசிக்கிறேன். என்னையும் மன்னித்திருப்பீர்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் சொல்ல முடியவில்லையோ என்னவோ. மாமா வாழ்நாள் பூராவும் கெஞ்சிக் கேட்டும் கிடைக்காதது எனக்கு ஒரே நிமிடத்தில் கிடைத்துவிடும். அதை எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வது?

வியாழக்கிழமை வந்தவருக்கு அரை யார் கேட்ட இடத்தில் ஒரு யார் வெட்டிக் கொடுத்தேன். "ஏறுற வழி எல்லாத்துலயும் கட்டுங்கண்ணே. கட்டுனாலும் பெரட்டுல வாயால சொல்லிருங்க. புள்ளைங்க போற வழியா இருந்தா ஒசரத்துல கட்டுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா தங்கச்சி? அத யாரு அவுக்கப் போறா?" என்றார்.

சவர்க்காரப் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. உள்ளே துணியின் சாயம் மங்கிப்போய்விட்டது. அம்மா பல்லால் கடித்துப் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது. எரிக்கலாம் என்று எடுத்தால் அந்த முடிச்சு கையில் படுகிறது. திரும்ப வைத்துவிடுகிறேன். துணியின் இரண்டு நுனியும் இன்னும் சுருங்கித்தான் கிடக்கின்றன. அவை அம்மாவின் கை பட்டுச் சுருங்கியவை இல்லை. மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஈரத்தில் இறுகிப்போயிருந்த முடிச்சின் தடம் அது. அவிழ்க்க எனக்கு வெகு நேரம் பிடித்தது. நகம் பிய்ந்தது.

நன்றாக இறுக்கித்தான் கட்டியிருந்தார். மருதை மாமா துணி கட்டினார், அப்பா.