பிராந்தி தொட்டுத் துடைத்த எலுமிச்சை

இன்று காலை எலுமிச்சைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போது ஓர் இலையைப் புரட்டினேன். அடியில், நடுநரம்பை ஒட்டி, பஞ்சுபோல் வெள்ளையாய் மாவுப்பூச்சி. வருத்தப்பட வேண்டியவள் சிரித்துவிட்டேன். உடனே ஓடிவந்து உன்னிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

காரைக்காலில் உங்கள் வீட்டுக் கூடத்து ஜன்னலோரம் நின்று, பிறகு என்னிடம் வந்த செடி அது. வெளியே வைத்தால் உப்புக் காற்றில் இலை கருகும், அதற்குத் தப்பினால் ஆடு மேய்ந்துவிடும் என்று உள்ளேயே வளர்த்தாய். அந்த வருடம்தான் முதன்முதலாகக் காய்த்தது. கல்யாணம் முடிந்து பிரான்சுக்குப் போகக் காத்திருந்தாய். அந்தக் காய்களில் ஊறுகாய் போட்டு எடுத்துப் போக வேண்டும் என்பது ஒன்றே உன் ஆசை. அப்போது பார்த்து இலையெல்லாம் பிசுபிசுப்பு, தண்டெல்லாம் எறும்பு, காம்பெல்லாம் மாவுப்பூச்சி. பிஞ்சுகள் உதிரத் தொடங்கின.

கோட்டுச்சேரி வயலிலிருந்து வந்த என் அண்ணன், நெல்லுக்கு அடிக்கும் மருந்தைக் கொண்டுவந்து, தங்கையின் தோழியான உன்னிடம் நீட்டினார். எங்கள் வீட்டில் எந்தப் பூச்சிக்கும் அதுதான்.

"ஒரு தடவை அடிச்சா போதும் தங்கச்சி, ஒண்ணும் மிஞ்சாது."

"ஆமாண்ணே, நானும் மிஞ்ச மாட்டேன்," என்றாய். "ஊறுகாயைத் தோலோடதானே திங்கிறோம். இந்தக் கூடத்துலதானே படுக்கிறோம்."

அண்ணன் மருந்தைத் திரும்ப எடுத்துப் போனார்.

சாராயம் பட்டால் அந்தப் பூச்சியின் மெழுகுப் பூச்சு கரையும் என்று ஏதோ புத்தகத்தில் நான் படித்திருந்தேன். சொன்னதுதான் தாமதம், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரரான உன் சித்தப்பாவின் பிராந்தி பாட்டில் கூடத்துக்கு வந்துவிட்டது. முதலில் ஓர் இலையில் மட்டும் தொட்டுவைத்தோம். மறுநாளும் அது வாடவில்லை என்றதும் பஞ்சில் நனைத்து, தெரிந்த பூச்சியையெல்லாம் துடைத்தெடுத்தோம். பிறகு சோப்பை நீர்க்கக் கரைத்து இலைகளின் அடிப்பக்கம் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசினோம். எறும்பு ஏறாதபடி, தண்ணீர்த் தட்டின் நடுவே செங்கல் போட்டு அதன்மேல் தொட்டியை வைத்தாய். குஞ்சுகள் மறுபடி தலைகாட்டும் என்று வாரந்தோறும் இதே வேலை. கூடமே மணத்தது. ஒருநாள் சித்தப்பா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஏம்மா, உன் செடிக்கு இன்னும் ஞானஸ்நானம் முடியலையா?"

பூச்சி கொஞ்சமாகத்தான் குடிக்கிறது என்று அவருக்குச் சமாதானம் சொன்னாய்.

உதிர்வது நின்றது. மிஞ்சிய காய்கள் பழுத்தே விட்டன! ஒன்றைக் கழுவி அறுத்து, உப்புத் தொட்டுத் தோலோடு கடித்தாய். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டே மற்றப் பாதியை என் வாயில் திணித்தாய்.

"தைரியமா தின்னுடி. இதுல என்ன பட்டிருக்குன்னு நமக்குத் தெரியும்."

ஊறுகாய் ஜாடி உன்னோடு விமானம் ஏறியது. அங்கே முதல் பிரசவத்திலேயே நீ போய்விட்டாய். ஜாடியில் எவ்வளவு மிச்சமிருந்தது என்று யாரிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிறவள் நான். ஆனால் கடைத்தெருவில் கத்தரிக்காயைக் கையில் எடுத்ததும், இதற்கு என்ன மருந்து அடித்தீர்கள் என்று சத்தமாகக் கேட்டுவிடுகிறேன். போன வாரம் காய்க்காரம்மா, "வாங்கப் போறீங்களா, சம்பந்தம் பேசப் போறீங்களா?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதில் வரும்வரை நகரவில்லை.